லண்டனில் டான்ஸ் மியூசிக் குழு தொடங்குகிறீர்களா? டிராக் வெளியே போகும் முன் முடிக்க வேண்டிய வேலைகள்

எங்கள் முதல் டிராக்கை முடிக்க ஐந்து வாரம்தான் ஆனது. அது ரேடியோவில் ஓடியதற்கான காசு கைக்கு வந்து சேர இரண்டு வருடம் ஆனது. வந்ததும் பெரிய தொகை ஒன்றும் இல்லை, மூன்று பேர் வெளியே போய்ச் சாப்பிட்டால் தீர்ந்துவிடும். ஆனால் அந்த இரண்டு வருடத்தில் நான் அனுப்பிய மின்னஞ்சல்களையும் நிரப்பிய படிவங்களையும் நினைத்தால், இதை யாராவது முன்பே தமிழில் எழுதி வைத்திருக்கக் கூடாதா என்று எரிச்சல்தான் வருகிறது. சரி, யாரும் எழுதவில்லை, நானே எழுதுகிறேன்.

நான் திருச்சியிலிருந்து படிக்க வந்தவன். குழுவில் என்னோடு இரண்டு பேர். ஒருவன் வெம்பிளியில் பிறந்து வளர்ந்த பருத்தித்துறைக் குடும்பத்துப் பையன், பீட் எல்லாம் அவன் கையில். இன்னொருவர் லெஸ்டரிலிருந்து வந்த பாடகி. ஹாரோவில் ஒரு கராஜ்தான் ஸ்டூடியோ. ஹவுஸ், பிரேக்பீட், நடுவில் கொஞ்சம் பறை, இதுதான் நாங்கள் செய்வது. இசையை எப்படிச் செய்வது என்று இங்கே சொல்லப் போவதில்லை, அதற்கு வீடியோக்கள் கொட்டிக் கிடக்கின்றன. காகித வேலை மட்டும்தான். கட்டணங்கள் எல்லாம் நான் கட்டியபோது இருந்தவை. நீங்கள் கட்டும் அன்று அந்தந்த அலுவலகத்தின் தளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள், ஏறியிருக்கலாம்.

1. முதலில் விசா

ஸ்டூடன்ட் விசாவில் இருப்பவர்கள் இதை மட்டும் இரண்டு தடவை படியுங்கள். வகுப்பு நடக்கும் பருவத்தில் வாரம் 20 மணி நேரம் வேலை செய்யலாம் என்பது எல்லோருக்கும் மனப்பாடம். சுயதொழில் செய்யக் கூடாது, மேடைக் கலைஞராக வேலை பார்க்கக் கூடாது என்பதும் அதே விதிகளில் இருக்கிறது, அது பாதிப் பேருக்குத் தெரியாது. பப்பில் 80 பவுண்டு வாங்கிக்கொண்டு ஒரு செட் போடுவது அந்த 20 மணி நேரக் கணக்கில் வராது. விதிமீறல் கணக்கில்தான் வரும். காசு வாங்காமல் போட்டால் பரவாயில்லையா என்று கேட்பீர்கள். நண்பன் சொன்னதை நம்பாமல் உங்கள் பல்கலைக்கழகத்தின் சர்வதேச மாணவர் அலுவலகத்துக்கு மின்னஞ்சல் போட்டுக் கேளுங்கள், பதிலைச் சேமித்து வையுங்கள். நான் படிப்பு முடியும்வரை மேடைப் பக்கமே போகவில்லை.

கிராஜுவேட் விசாவில் சுயதொழில் செய்யலாம். நான் கிக், அதாவது மேடை நிகழ்ச்சி, பண்ண ஆரம்பித்தது அப்போதுதான். ஸ்கில்டு வொர்க்கர் விசா உங்களை வேலைக்கு வைத்திருக்கும் நிறுவனத்தோடு கட்டப்பட்டது, பக்கத்தில் சொந்தத் தொழில் நடத்த அதில் இடம் குறைவு. குடியேற்ற வழக்கறிஞரிடம் ஒரு மணி நேரம் பேசிவிட்டுத் தொடங்குங்கள். அந்த ஒரு மணி நேரக் கட்டணத்தில் கஞ்சத்தனம் வேண்டாம்.

2. பெயர்

கெமிக்கல் பிரதர்ஸ் என்ற பெரிய டான்ஸ் ஜோடியைத் தெரிந்திருக்கும். அந்த டாம் ரோலண்ட்ஸும் எட் சைமன்ஸும் மான்செஸ்டரில் படித்த காலத்திலேயே டஸ்ட் பிரதர்ஸ் என்ற பெயரில் டி.ஜே. செய்யத் தொடங்கிவிட்டார்கள். அந்தப் பெயரில் அமெரிக்காவில் ஏற்கெனவே ஒரு தயாரிப்பாளர் ஜோடி இருந்தது. ரெக்கார்டுகள் வந்து, லண்டனில் ஞாயிற்றுக்கிழமை கிளப்பில் கூட்டம் சேர்ந்து, கடல் கடந்து பெயர் போன பிறகுதான் சிக்கல் வந்தது. 1995-இல் கெமிக்கல் பிரதர்ஸ் ஆனார்கள். அவர்களுக்கு அது நல்லதாகவே முடிந்தது. உங்களுக்கும் எனக்கும் அப்படி முடியும் என்று சொல்ல முடியாது, அதுவரை சேர்ந்த கேட்பவர்கள் தேடும்போது வேறு யாரோ வந்து நிற்பார்கள்.

ஆகவே, பெயர் மனதுக்குப் பிடித்தவுடன் லோகோ போடாதீர்கள். ஸ்பாட்டிஃபை, பேண்ட்கேம்ப், டிஸ்காக்ஸ், யூடியூப் நான்கிலும் தேடுங்கள். அப்புறம் பிரிட்டிஷ் அறிவுசார் சொத்து அலுவலகத்தின் வணிகக்குறிப் பட்டியலில் தேடுங்கள், அது இலவசம். தமிழ்ச் சொல்லைப் பெயராக வைத்தால் யாரும் எடுத்திருக்க மாட்டார்கள் என்று நினைத்தோம். நாங்கள் முதலில் வைத்த பெயரில் டொராண்டோவில் ஒரு டி.ஜே., சிங்கப்பூரில் ஒரு உணவகம், இரண்டும் இருந்தன. எழுத்துக்கூட்டலையும் ஒரே மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு இடத்தில் இரண்டு விதமாக எழுதினால் அது இரண்டு குழு, காசும் இரண்டாகப் பிரிந்து காணாமல் போகும்.

வணிகக்குறி பதிவு செய்வது கட்டாயம் இல்லை. செய்வதென்றால், நாங்கள் விண்ணப்பித்தபோது இணையத்தில் ஒரு வகுப்புக்கு 170 பவுண்டு, கூடுதல் வகுப்பு ஒவ்வொன்றுக்கும் 50. இசைக்குழுவுக்குத் தேவைப்படுபவை 9 (ஒலிப்பதிவுகள்), 41 (நிகழ்ச்சிகள்), டீ-சர்ட் விற்பதாக இருந்தால் 25. விண்ணப்பம் வெளியானபின் மற்றவர்கள் ஆட்சேபிக்க இரண்டு மாதம் அவகாசம் உண்டு, அதை மூன்றாக நீட்டிக்கலாம். யாரும் ஆட்சேபிக்காவிட்டால் சுமார் நான்கு மாதத்தில் முடியும், பத்து வருடம் செல்லும். நிராகரித்தால் பணம் திரும்பாது.

3. உங்களுக்குள் ஒரு தாள்

நண்பர்களுக்குள் எதற்கு ஒப்பந்தம் என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில்தான். நீங்கள் எழுதாவிட்டால் உங்களுக்காக 1890-ஆம் ஆண்டு எழுதி வைத்திருக்கிறார்கள். இரண்டு பேர் சேர்ந்து லாபத்துக்காகத் தொழில் செய்தாலே பிரிட்டனில் அது கூட்டாண்மை, கூட்டாண்மைச் சட்டம் தானாக வந்து உட்காரும். அதன்படி லாபம் எல்லோருக்கும் சமம், ஒருவர் வாங்கிய கடனுக்கு மற்றவரும் பொறுப்பு, யாராவது ஒருவர் நோட்டீஸ் கொடுத்தாலே கூட்டு கலைந்துவிடும். ராத்திரியெல்லாம் கண்விழித்து மிக்ஸ் செய்தவனுக்கும் நாலு வரி பாடிவிட்டுப் போனவருக்கும் சமபங்கு சரிதான் என்றால் எழுதத் தேவையில்லை. அப்படி யாரும் நினைப்பதில்லை.

இங்கே ஒரு விஷயத்தை மண்டையில் ஏற்றிக்கொள்ளுங்கள், இதற்குப் பிறகு வருவதெல்லாம் இதை வைத்துத்தான். ஒரு டிராக்கில் இரண்டு சொத்து இருக்கிறது. ஒன்று பாட்டு: மெட்டு, வரிகள், இசையமைப்பு. இன்னொன்று பதிவு: அந்த ஒலிக்கோப்பு, மாஸ்டர். இரண்டுக்கும் உரிமையாளர்கள் வேறாக இருக்கலாம், பங்கு வேறாக இருக்கலாம், காசு வரும் வழியும் வேறு. நான் முதல் வருடம் முழுக்க இரண்டையும் ஒன்றென்று நினைத்துக் குழம்பிக்கொண்டிருந்தேன்.

நாங்கள் உட்கார்ந்து எழுதியது ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி. கொத்து ரொட்டிப் பொட்டலத்தை ஒதுக்கிவிட்டு, எண்ணெய் படாத பக்கமாகப் பார்த்து ஒரு ஏ-4 தாளை வைத்து, ஒவ்வொரு டிராக்குக்கும் ஒரு வரி. பாட்டில் எனக்கு 40, வெம்பிளிக்காரனுக்கு 40, பாடகிக்கு 20 என்று தொடங்கினோம். மெட்டு என் வாயிலிருந்து வந்ததுதானே என்று அவர் கேட்டார். நியாயம். 34, 33, 33 என்று மாற்றினோம். அந்த ஒரு சதவீதம் எனக்கு ஏன் வந்தது என்றால், படிவத்தில் கூட்டுத்தொகை 100 வரவேண்டும், யாராவது ஒருவர் 34 வாங்கித்தான் ஆகவேண்டும், இந்தக் காகித வேலையெல்லாம் என் தலையில் விழுந்திருந்தது. பதிவின் உரிமை மூவருக்கும் சமம். மூன்று கையெழுத்து, தேதி, செல்போனில் ஒரு படம். இருபது நிமிட வேலை. டிராக் முடிந்த வாரத்திலேயே இதைச் செய்துவிடுங்கள், டிராக் ஓட ஆரம்பித்தபின் யாருக்கும் தன் உழைப்பு சின்னதாகத் தெரியாது.

தாளில் இன்னும் மூன்று விஷயம் வேண்டும்: குழுவின் பெயர் யாருக்குச் சொந்தம், ஒருவர் விலகினால் பழைய டிராக்குகளில் அவருடைய பங்கு என்ன ஆகும், எந்த முடிவுக்கு எல்லோருடைய சம்மதமும் வேண்டும். மியூசிஷியன்ஸ் யூனியனில் உறுப்பினராகிவிட்டால் ஒப்பந்தங்களை வழக்கறிஞர்கள் பார்த்து ஆலோசனை சொல்வார்கள், அதற்குத் தனிக் கட்டணம் இல்லை. சந்தாக் காசு அதிலேயே எடுத்தாயிற்று.

4. சாம்பிள்: அதிகம் பேர் விழும் பள்ளம்

"மூன்று செகண்டுக்குள் இருந்தால் பிரச்சினை இல்லை." இதை உங்களிடம் யார் சொன்னாலும் நம்பாதீர்கள். அப்படி ஒரு விதியே கிடையாது. அடையாளம் தெரியும்படி எடுத்தால் அரை நொடிக்கும் அனுமதி வேண்டும், அதுவும் இரண்டு அனுமதி: பதிவின் உரிமையாளரிடம் ஒன்று, பாட்டின் உரிமையாளரிடம் ஒன்று. ஒருவர் சரி என்று இன்னொருவர் முடியாது என்றால் மொத்தமும் முடியாது.

இந்த ஊர் டான்ஸ் இசையே சாம்பிளில் வளர்ந்ததுதான், ஆனால் அடிவாங்கியவர்களும் நிறைய. 1987-இல் மார்ஸ் என்ற குழுவின் சிங்கிள் விற்பனையில் ஏறிக்கொண்டிருந்தபோது, ஸ்டாக் எய்ட்கென் வாட்டர்மேன் தங்கள் பதிவிலிருந்து எடுத்த துண்டுக்காக நீதிமன்றத் தடை வாங்கினார்கள். அதே வருடம், பின்னாளில் கே.எல்.எஃப். ஆன பில் டிரம்மண்டும் ஜிம்மி கோட்டியும் தங்கள் முதல் ஆல்பத்தில் ஸ்வீடனின் அப்பா (ABBA) குழுவின் பாட்டை அனுமதியின்றி எடுத்துப் போட்டார்கள். ஆல்பத்தையே திரும்பப் பெற வேண்டியதாயிற்று. நேரில் பேசிப் பார்க்கலாம் என்று ஸ்வீடன்வரை காரோட்டிப் போனார்கள், பேச முடியவில்லை, மிஞ்சிய பிரதிகளில் கொஞ்சத்தை எரித்து, மீதியைத் திரும்பும் வழியில் வட கடலில் போட்டார்கள். நமக்கு அந்த அளவு பெட்ரோல் காசு கிடையாது.

அனுமதி கிடைத்தாலும் பங்கு போகும். பிராடிஜி குழுவின் 'ஃபயர்ஸ்டார்ட்டர்' 1996-இல் முதலிடத்துக்கு வந்த டிராக். எழுதியவர்கள் பட்டியலைப் பாருங்கள். லியம் ஹவ்லெட், கீத் ஃபிளின்ட் மட்டும் இல்லை, ஒரு கிட்டார் துண்டுக்காக பிரீடர்ஸ் குழுவின் கிம் டீல் இருக்கிறார், "ஹே" என்ற ஒரு சத்தத்துக்காக ஆர்ட் ஆஃப் நாய்ஸ் குழுவினர் ஐந்து பேரும் இருக்கிறார்கள். ஒரு "ஹே"தான்!

நம்மவர்களுக்கு இதில் தனி ஆசை ஒன்று உண்டு, பழைய படப் பாட்டு. மாயா அருள்பிரகாசம், அதாவது எம்.ஐ.ஏ., 2007-இல் 'தளபதி' படப் பாட்டிலிருந்து எடுத்துப் போட்டார், கேட்கும்போது நமக்கும் கை பரபரக்கும். ஆனால் அவருக்குப் பின்னால் ஒரு பெரிய லேபிள் இருந்தது. நமக்கு யார் இருக்கிறார்கள்? தமிழ்ப் படப் பாட்டில் பதிவு ஒரு ஆடியோ நிறுவனத்திடம் இருக்கும், பாட்டின் உரிமை யாரிடம் என்பதே சில பாடல்களுக்கு நீதிமன்றம்வரை போன சங்கதி. நாங்கள் எண்பதுகளின் பாட்டு ஒன்றிலிருந்து நாலு நொடி நாதஸ்வரம் எடுத்து ஒரு டிராக் செய்தோம். அதைக் கேட்டு ஒரு சின்ன லேபிள் ஆர்வமாக வந்தது. முதல் கேள்வியே சாம்பிள் ஏதாவது இருக்கிறதா என்பதுதான். உண்மையைச் சொன்னோம். ஐந்து மாதம் மின்னஞ்சல் அனுப்பினேன், ஒரு பதில்கூட வரவில்லை. லேபிள் காத்திருக்கவில்லை, போய்விட்டது.

பிறகு என்ன செய்தோம் என்றால், இங்கே ஒரு கோவிலில் வாசிப்பவரைக் கேட்டு, அதே ராகத்தில் அவரே சொந்தமாக ஒரு பிடி வாசித்தார், அதைப் பதிவு செய்தோம். 60 பவுண்டு, ஒரு சாப்பாடு, ஒரு பக்கச் சம்மதப் படிவம். படப் பாட்டின் அதே மெட்டை வாசித்திருந்தால் பதிவுக்கான அனுமதிதான் தவிரும், பாட்டுக்கான அனுமதி அப்போதும் வேண்டும். இந்த வித்தியாசத்தைத் தெரியாமல் காசு கொடுத்து மறுபதிவு செய்து மாட்டியவர்கள் இருக்கிறார்கள்.

ராயல்டி இல்லாத சாம்பிள் பேக்குகள் வாங்கினால் ரசீதையும் உரிம விதிகளையும் பத்திரப்படுத்துங்கள். அந்த லூப் உங்களுக்கு மட்டும் சொந்தம் இல்லை, ஊரே வாங்கியிருக்கும். அதனால் அப்படிப்பட்ட டிராக்கை யூடியூப்பின் கன்டென்ட் ஐடியில் (உங்கள் ஒலி மற்றவர் வீடியோவில் வந்தால் தானாகக் கண்டுபிடிக்கும் ஏற்பாடு) போடக் கூடாது. வெளியிடும்போது அந்தப் பெட்டியில் டிக் அடித்துவிட்டால், அதே லூப் வாங்கிய முன்பின் தெரியாத ஒருவரின் வீடியோமேல் உங்கள் பெயரில் புகார் போய் நிற்கும்.

5. ஐ.எஸ்.ஆர்.சி. எண்ணும் பி.பி.எல். பதிவும்

என் இரண்டு வருடம் போனது இங்கேதான்.

ஒவ்வொரு பதிவுக்கும் ஐ.எஸ்.ஆர்.சி. என்று எழுத்தும் எண்ணும் கலந்த 12 இட அடையாளம் உண்டு: நாட்டுக்கு 2, பதிவு செய்தவருக்கு 3, வருடத்துக்கு 2, வரிசைக்கு 5. ரீமிக்ஸுக்கும் ரேடியோ எடிட்டுக்கும் தனித்தனி எண். அதே மாஸ்டரை வேறு ஆல்பத்தில் மறுபடி வெளியிட்டால் பழைய எண்ணே. பிரிட்டனில் இந்த எண்களுக்கான முன்னொட்டைக் கொடுப்பது பி.பி.எல்., இலவசம். அதில் சேர்வதும் இலவசம். ரேடியோ, டி.வி., கடை, ஜிம், கிளப் போன்ற இடங்களில் பதிவு ஓடுவதற்கான காசை வசூலிப்பது அவர்கள்தான். அதில் பாதி பதிவின் உரிமையாளருக்கு, பாதி அதில் வாசித்த, பாடிய கலைஞர்களுக்கு.

நாங்கள் செய்த தவறு இதுதான். நான் ஒழுங்காக பி.பி.எல்.லில் முன்னொட்டு வாங்கி, டிராக்குக்கு எண் போட்டு, அந்த எண்ணோடு ரேடியோ நிலையங்களுக்குக் கோப்பு அனுப்பினேன். அதே நாள் வெம்பிளிக்காரன் டிஸ்ட்ரிபியூட்டர் (ஸ்பாட்டிஃபை போன்ற இடங்களுக்கு டிராக்கைக் கொண்டுபோய்ச் சேர்ப்பவர்) தளத்தில் டிராக்கை ஏற்றினான். ஐ.எஸ்.ஆர்.சி. பெட்டியைக் காலியாக விட்டான். காலியாக விட்டால் அவர்கள் தாங்களே ஒரு எண் போட்டுவிடுவார்கள். ஒரே டிராக், இரண்டு எண். பி.பி.எல். தளத்தில் டிராக்கைப் பதிவு செய்தபோது நான் டிஸ்ட்ரிபியூட்டர் போட்ட எண்ணைப் பார்த்து எழுதிவிட்டேன். ரேடியோவில் ஓடியது ஒரு எண், பதிவேட்டில் இருந்தது வேறு எண், காசு யாருடையது என்று தெரியாமல் அப்படியே கிடந்தது. ஒரு நாள் சும்மா கோப்பின் விவரங்களைத் திறந்து பார்த்தபோது எண்ணே வேறாக இருந்தது. அன்று ராத்திரி நான் பேசிய தமிழை இங்கே எழுத முடியாது.

அதனால் வரிசை இதுதான்: முதலில் எண், அப்புறம் ஒரு விரிதாளில் டிராக் பெயர், நீளம், எண், பங்குகள், அதன் பிறகே மற்ற எல்லா இடத்திலும் அந்தத் தாளிலிருந்து காப்பி-பேஸ்ட். கையால் டைப் செய்யாதீர்கள்.

பி.பி.எல்.லில் இரண்டு வகையாகச் சேர வேண்டும், பதிவின் உரிமையாளராகவும் கலைஞராகவும். குழுவுக்கென்று சேர்ந்துவிட்டால் எல்லோருக்கும் வரும் என்று நினைக்காதீர்கள், ஒவ்வொருவரும் கலைஞராகத் தனித்தனியே சேர வேண்டும். நாதஸ்வரக்காரர் பெயரையும் போடுங்கள், அவருக்கும் பங்கு உண்டு. பாஸ்போர்ட் நகல், முகவரிச் சான்று, வங்கி விவரம் தயாராக வையுங்கள். எங்கள் பாடகியின் வங்கிக் கணக்கில் திருமணத்துக்கு முந்தைய பெயர் இருந்ததால் அதற்கே ஆறு வாரம் போனது.

6. பி.ஆர்.எஸ்.: பாட்டுக்கான கதவு

பி.பி.எல். பதிவைப் பார்த்துக்கொள்கிறது, பாட்டு ஓடுவதற்கான காசைப் பார்த்துக்கொள்வது பி.ஆர்.எஸ். என்ற அமைப்பு. ஒரு இடத்தில் பதிந்தால் இன்னொரு இடத்துக்குத் தானாகப் போகாது. இதற்குக் கட்டணம் உண்டு: நான் சேர்ந்தபோது ஆளுக்கு 100 பவுண்டு, ஒருமுறை கட்டினால் போதும், இளையவர்களுக்குச் சலுகை இருந்தது. மூன்று பேரும் எழுதினோம் என்றால் மூன்று பேரும் சேர வேண்டும். பிரதி எடுப்பதற்கான உரிமையைப் பார்க்கும் எம்.சி.பி.எஸ்.ஸில் சேர்வது தனி, அதற்குக் கட்டணமும் தனி. வினைல் போடும்வரை நாங்கள் அதைத் தொடவில்லை.

சேர்ந்த பின் ஒவ்வொரு பாட்டையும் பதிய வேண்டும், பங்கு கூட்டினால் 100. கொத்து ரொட்டித் தாள் உதவுவது இங்கேதான். மூவரில் ஒருவர் மட்டும் பதிந்தால் போதும், மூவரும் மூன்று விதமாகப் பதிந்தால் தகராறு என்று நிறுத்தி வைப்பார்கள்.

ஏப்ரல், ஜூலை, அக்டோபர், டிசம்பர் என்று வருடத்துக்கு நான்கு முறை பணம் வரும். ஆனால் இன்று ஓடியது அடுத்த பட்டுவாடாவில் வந்துவிடாது, பல மாதம் பின்தங்கித்தான் வரும். அதை நம்பி வாடகைக் கணக்குப் போடாதீர்கள்.

நேரடி நிகழ்ச்சிகளுக்கும் இதில் பணம் உண்டு. நீங்கள் சொந்தப் பாட்டு வாசித்த ஒவ்வொரு இரவுக்கும் இடம், தேதி, பாட்டுகளின் பட்டியலைத் தளத்தில் நிரப்ப வேண்டும். மேடையிலிருந்து இறங்கி வேனில் ஏறும்போதே செய்துவிடுங்கள். அடுத்த வாரம் பார்க்கலாம் என்று நான் விட்ட ஒன்பது இரவுகள் அப்படியே போய்விட்டன.

7. வெளியீடு

ஸ்பாட்டிஃபை, ஆப்பிள், பீட்போர்ட் எல்லாவற்றுக்கும் டிஸ்ட்ரிபியூட்டர் வழியாகத்தான் போக வேண்டும். வருடச் சந்தா வாங்குபவர்கள் ஒரு வகை, வருமானத்தில் சதவீதம் எடுப்பவர்கள் ஒரு வகை. சந்தா வகையில் ஒரு கேள்வி கேளுங்கள்: சந்தாவை நிறுத்தினால் என் டிராக்குகள் இறங்கிவிடுமா? சில இடங்களில் இறங்கிவிடும்.

தேதி விஷயத்தில் அவசரப்படாதீர்கள். ஸ்பாட்டிஃபையின் பிளேலிஸ்ட் குழுவுக்கு டிராக்கை முன்மொழிய வெளியீட்டுக்குக் குறைந்தது 7 நாள் முன்னால் அது அவர்கள் கையில் இருக்க வேண்டும். நான்கு வாரம் வைத்துக்கொண்டால் நிம்மதி. புதியவர்களின் இசைக்கான பி.பி.சி. இன்ட்ரோடியூசிங் தளத்திலும் ஏற்றுங்கள், இலவசம், எங்கள் முதல் ரேடியோ வாய்ப்பு அங்கிருந்துதான் வந்தது.

ஸ்ட்ரீமிங் காசைப் பற்றி அதிகம் பேச ஒன்றும் இல்லை. 2024 முதல் ஸ்பாட்டிஃபையில் கடந்த 12 மாதத்தில் 1,000 ஸ்ட்ரீம் தொடாத டிராக்குக்குப் பதிவுக் கணக்கில் ஒன்றுமே வராது. பேண்ட்கேம்ப் டிஜிட்டல் விற்பனையில் 15 சதவீதம் எடுக்கும், பணப்பரிமாற்றக் கட்டணமும் போக மீதி உங்களுக்கு. எங்களைப் போன்ற குழுவுக்கு முப்பது பேர் அங்கே வாங்கினாலே மற்றதைவிட அதிகம்.

8. வினைல் வேண்டுமா?

கெமிக்கல் பிரதர்ஸ் முதல் ரெக்கார்டை 500 பிரதி தாங்களே அச்சடித்துக் கடை கடையாக ஏறி இறங்கினார்கள். ஆசை யாரை விட்டது, நாங்களும் 200 போட்டோம். 1,450 பவுண்டு, சோதனைப் பிரதி கேட்டுச் சரிபார்த்தது எல்லாம் சேர்த்து 14 வாரம். ஆலை அச்சடிக்கும் முன் எம்.சி.பி.எஸ். உரிமம் அல்லது உரிமம் தேவையில்லை என்ற காகிதம் கேட்கும். அதற்கு ஒரு மாதம் முன்பே விண்ணப்பியுங்கள். 70 பிரதி இன்னும் கராஜில் இருக்கிறது.

9. மேடை

பல இடங்களில் பொதுப் பொறுப்புக் காப்பீடு கேட்பார்கள். மியூசிஷியன்ஸ் யூனியன் உறுப்பினர் சந்தாவிலேயே அது அடங்கும். மின்கருவிகளுக்குப் பாதுகாப்புச் சோதனை ஸ்டிக்கர் கேட்கும் இடங்களும் உண்டு. சம்பளத்தைப் பேச்சில் முடிக்காமல் மின்னஞ்சலில் வாங்குங்கள்: தொகை, எத்தனை மணிக்கு ஏற வேண்டும், ரத்தானால் எவ்வளவு, என்று கொடுப்பார்கள். பாதியை முன்பணமாகக் கேட்க வெட்கப்படாதீர்கள். எங்களுக்கு 300 பவுண்டு தரவேண்டிய ஒரு ஏற்பாட்டாளர் இன்றுவரை "திங்கட்கிழமை" என்றே சொல்லிக்கொண்டிருக்கிறார்.

ஐரோப்பாவில் கிக் வந்தால் உடனே குதிக்காதீர்கள். பிரெக்சிட்டுக்குப் பின் பிரிட்டிஷ் பாஸ்போர்ட் இருப்பவர்களுக்கே 180 நாளில் 90 நாள்தான் தங்கலாம் என்ற கணக்கு உண்டு, காசுக்கு வாசிக்க ஒவ்வொரு நாட்டுக்கும் ஒவ்வொரு விதி. இந்திய, இலங்கை பாஸ்போர்ட் என்றால் அதற்கு மேல் ஷெங்கன் விசா. பெர்லினில் ஒரு இரவுக்காக மற்ற இருவரும் போனார்கள், நான் ஹாரோவில் உட்கார்ந்து வீடியோ பார்த்தேன். விசா நேர்காணல் தேதி கிக் முடிந்து ஒன்பது நாள் கழித்துத்தான் கிடைத்தது. பறை, சின்த் எல்லாம் வேனில் சரக்காகப் போனால் ஏ.டி.ஏ. கார்னெட் என்ற சுங்கக் காகிதமும் தேவைப்படும், அது பல நூறு பவுண்டு விஷயம்.

10. யாராவது கையெழுத்துக் கேட்டால்

மேனேஜர் 15 முதல் 20 சதவீதம், புக்கிங் ஏஜென்ட் 10 முதல் 15, இதுதான் வழக்கம். மொத்த வருமானத்திலா, செலவு போக மீதியிலா என்று பாருங்கள். லேபிள் ஒப்பந்தத்தில் உரிமை எத்தனை வருடம், எந்தெந்த நாடு, அடுத்தடுத்த பதிவுகள்மேல் அவர்களுக்கு என்ன பிடி, இந்த மூன்றையும் தேடுங்கள். லெஃப்ட்ஃபீல்டு என்ற டான்ஸ் குழுவுக்கு முதல் லேபிளோடு சட்டத் தகராறு வந்தபோது சொந்த டிராக் வெளியிட முடியாமல் மற்றவர்களுக்கு ரீமிக்ஸ் செய்துகொண்டிருந்தார்கள், 1992-இல் சொந்த லேபிள் தொடங்கிய பிறகுதான் மூச்சு வந்தது. வழக்கறிஞர் பார்க்காத எதிலும் கையெழுத்து வேண்டாம். "நாளைக்குள் வேண்டும்" என்றால் நிச்சயமாக வேண்டாம்.

11. வரி

வரி வருடம் ஏப்ரல் 6-இல் தொடங்கி அடுத்த ஏப்ரல் 5-இல் முடியும். தனியாளாகச் சம்பாதித்தால் வருடத்துக்கு 1,000 பவுண்டுவரை விலக்கு. கூட்டாண்மை வருமானத்துக்கு அந்த விலக்கு கிடையாது, நாங்கள் இருக்கிறது என்று நினைத்தோம். கூட்டாண்மை என்றால் குழுவை ஒருமுறை, ஆளை ஒருமுறை என்று இரண்டு பதிவு, வரி வருடம் முடிந்த பின் வரும் அக்டோபர் 5-க்குள். இணையத்தில் கணக்குத் தாக்கல் ஜனவரி 31-க்குள். குழுவின் கணக்கு ஒரு நாள் தாமதமானாலும் பங்காளி ஒவ்வொருவருக்கும் 100 பவுண்டு அபராதம், அதாவது எங்களுக்கு 300. எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள்.

குழுவுக்குத் தனி வங்கிக் கணக்கு வையுங்கள். ஹெட்ஃபோன், பிளக்-இன், மாஸ்டரிங், ரயில் டிக்கெட், எல்லா ரசீதையும் வாங்கிய அன்றே படம் எடுத்துப் போடுங்கள். லேப்டாப்பை வீட்டுக்கும் பயன்படுத்தினால் தொழிலுக்கான பங்கை மட்டும் செலவில் காட்டுங்கள்.

12. ஒருவர் விலகினால்

போன வருடம் எங்கள் பாடகிக்குக் குழந்தை பிறந்தது, கிளாஸ்கோவுக்குக் குடிபோனார், குழுவிலிருந்து விலகுகிறேன் என்றார். சண்டை இல்லை. அந்த எண்ணெய்த் தாளில் எழுதியிருந்தபடி பெயர் மீதி இருவரோடு, பழைய டிராக்குகளில் அவர் பங்கு அப்படியே அவருக்கு. ஒரு பக்கக் கடிதத்தில் மூவரும் கையெழுத்துப் போட்டோம், வங்கிக் கணக்கிலிருந்து அவர் பெயரை எடுத்தோம், வரி அலுவலகத்துக்கு அவர் விலகிய தேதியைத் தெரிவித்தோம். வணிகக்குறி மூவர் பெயரிலும் இருந்தது, அதை மாற்ற மட்டும் தனிப் படிவம், தனிக் கட்டணம். மொத்தம் பத்து நாள். பி.பி.எல்.லிலும் பி.ஆர்.எஸ்.ஸிலும் எதையும் தொடவில்லை, தொடவும் கூடாது. ஜூன் மாத பி.பி.எல். பட்டுவாடா வந்த அன்று அவருக்கு 14 பவுண்டு 20 பென்ஸ் போயிருந்தது. டயபர் வாங்கிவிட்டேன் என்று படம் அனுப்பினார்.